ஊரில் வீடு, சென்னையில் வேலை: தூரத்தில் இருந்துகொண்டு வீடு கட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் மாமாவும் அத்தையும் (என் கணவரின் அப்பா, அம்மா) இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினோம். சுமார் 600 கிலோமீட்டர் தூரம். என் கணவருக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ். அதனால் போய்வந்தது பெரும்பாலும் நானும் இரண்டு பிள்ளைகளும்தான்.

முதல் மூன்று மாதம் மனசு கேட்காதபோதெல்லாம் ரயிலேறினேன். போய்ப் பார்த்தால் செங்கல் வந்து இறங்கியிருக்கும், அல்லது கொத்தனார் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். நான் இருந்தே ஆகவேண்டிய நாளில் மட்டும் இல்லை. அப்படி ஒரு நாளில்தான் பேஸ்மெண்ட்டுக்குள், அதாவது அஸ்திவாரத்துக்கு மேலே வீட்டுத் தரையை உயர்த்தும் பகுதிக்குள், மண் நிரப்பினார்கள். எங்கள் மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதை உள்ளே போடாமல் கிராவல் மண் வாங்கி நிரப்ப வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். தோண்டி எடுத்த கரிசலையே திண்ணைப் பக்கம் தள்ளி, மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். முதல் மழைக்கே திண்ணைத் தரை இறங்கி விரிசல் விட்டது. உடைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டேன். வீட்டில் எது மூடப்படப் போகிறதோ, அது மூடப்படுவதற்கு முந்தின நாள் நான் அங்கே இருக்க வேண்டும். மூடாமல் கிடக்கும் எதையும் போனில் பார்த்துக்கொள்ளலாம். மண்ணுக்குள் போவது, கான்கிரீட்டுக்குள் போவது, பூச்சுக்குள் போவது, டைல்ஸுக்கு அடியில் போவது, இவ்வளவுதான். கீழே உள்ளதெல்லாம் இந்தக் கணக்கின்படி போகிறது.

முதலில் காகிதம்

பட்டா-சிட்டா, புலப்படம் (மனையின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்). இந்த நான்கும் கையில் இல்லாமல் பழைய வீட்டின் ஒரு ஓடுகூட இறக்காதீர்கள். பட்டாவும் வில்லங்கமும் இணையத்திலேயே கிடைக்கும். புலப்படத்தில் இருக்கும் அளவும் வேலிக்குள் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எங்களுக்கு மேற்கே ஒன்றரை அடி குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா 40 வருடத்துக்கு முன்னால் போட்ட முள்வேலி அது. வீடு கட்ட ஆரம்பித்த பிறகு பேசியிருந்தால் சண்டை ஆகியிருக்கும், முன்கூட்டியே பேசியதால் காபியோடு முடிந்தது.

நிலம் மாமா பெயரில் இருந்தது, கடன் வாங்கப் போவது என் கணவர். இது பலர் வீட்டிலும் உள்ள நிலைமை. வங்கி பொதுவாக நில உரிமையாளரையும் கடனில் சேர்க்கச் சொல்லும். தவிர, வீட்டுக்கு உரிமையாளர் இல்லாதவர் வட்டிக்கான வருமான வரிச் சலுகையைக் கேட்க முடியாது. செட்டில்மெண்ட் (சொத்தைக் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொள்வதாக இருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எழுதிவிடுவது நல்லது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு. கூடப்பிறந்தவர்களிடம் பேச வேண்டியதையும் அப்போதே பேசிவிடுங்கள். என் நாத்தனாரிடம் நாங்கள் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் போய்ச் சொன்னோம். அதனால்தான் பால் காய்ச்சிய அன்று முதல் ஆளாக வந்து நின்றாள்.

வரைபட அனுமதிக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம் பெரிய உதவி. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி உடனே அனுமதி வாங்கலாம். எங்களுடையது 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. இதற்குள் வந்துவிட்டது. உடனே கிடைக்கிறது என்பதற்காக விதிகளை விட்டுவிடக் கூடாது. சுற்றி விட வேண்டிய இடம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் அப்படியே பொருந்தும்.

வரைபடத்தை மொட்டைமாடியில் போட்டுப் பாருங்கள்

காகிதத்தில் 10க்கு 10 அறை பெரிதாகத் தெரியும். நாங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் கோலப்பொடியால் வீட்டை முழு அளவில் வரைந்தோம். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆறேகால் அடிக்கு ஐந்தடி கட்டில் போட்டு, பீரோ வைத்து, பீரோக் கதவு திறக்க இடம் விட்டுப் பார்த்தபோது மாமா நடக்க ஒன்றரை அடிகூட மிஞ்சவில்லை. அங்கேயே சுவரை அழித்து ஒரு அடி தள்ளிப் போட்டோம். கோலப்பொடிதானே, அழித்தால் செலவில்லை.

ஊர் வீடு என்றால் அங்கே வாழப்போகிறவரைக் கேளுங்கள். நான் நவீனச் சமையலறை என்று ஏதேதோ வைத்திருந்தேன். அத்தை கேட்டது மூன்றே விஷயம். பின்வாசலுக்கு வெளியே பாத்திரம் துலக்க நிழல், வற்றல் காயப்போட மாடிக்கு உள்ளேயிருந்து படி, கூடத்தில் ஊஞ்சல் மாட்ட இரண்டு கொக்கி. மூன்றும் என் பட்டியலில் இல்லை.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். வழக்கமாக இரண்டரை அடி வைப்பார்கள். நடக்க உதவும் வாக்கரோ சக்கர நாற்காலியோ உள்ளே போக மூன்றடி வேண்டும். கட்டும்போது இதற்குப் பெரிய செலவில்லை. பின்னால் செய்தால் சுவரை இடிக்க வேண்டும்.

ஒப்பந்தம், பணம்

லேபர் காண்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா என்று எல்லோரும் கேட்பார்கள். ஊரிலேயே தினமும் நின்று சாமான் வாங்கித்தர ஆள் இருந்தால் லேபர் காண்ட்ராக்ட் கட்டுப்படியாகும். 70 வயது மாமாவை ஜல்லி லாரிக்குப் பின்னால் ஓடவிட எனக்கு மனசில்லை. மெட்டீரியலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, எந்தச் சாமான் என்பதை மட்டும் எழுதி வாங்கினோம்: கம்பியின் தரம், சிமெண்ட் கம்பெனி, ஒயர், பைப், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு வரை என்று.

சதுர அடி ரேட்டில் என்னவெல்லாம் அடங்காது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர், போர்வெல், கேட், பேஸ்மெண்ட் நிரப்பும் மண், இவையெல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. 1,200 சதுர அடி, 12 சதுரம் என்று ரேட்டைப் பெருக்கிச் சந்தோஷப்பட்டவர்கள் இந்தப் பட்டியலில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள். பேஸ்மெண்ட் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் மட்டம்) வந்தால் இவ்வளவு, கூரைத் தளம் போட்டால் இவ்வளவு. வங்கியும் இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் தரும். 30 லட்சம் வரை உள்ள கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதற்கு மேல் போனால் இன்னும் குறையும். எப்படியும் முதல் பணம் நம் கையில் இருந்துதான் போகும். வேலை முடியும்வரை வாடகையும் கடன் வட்டியும் கட்டடச் செலவும் ஒன்றாக ஓடும் மாதங்கள்தான் குடும்பத்தை நெருக்கும். எங்களுக்கு அது 11 மாதம். கடனுக்கு முன்பே அந்த மாதங்களுக்கான வாடகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தோம். நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது என்று கணவர் இன்னமும் சொல்வார்.

காலண்டரும் ரயிலும்

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு எட்டு வாஸ்து நாள்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த நாட்களில் ஊரில் ஐயரும் கொத்தனாரும் கிடைப்பது கஷ்டம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தை ஆவணி 6 என்றார். எனக்கும் அது சரியாகப்பட்டது. ஐப்பசி மழைக்குள் அஸ்திவாரமும் பேஸ்மெண்ட்டும் முடிந்துவிடும், மழை ஓய்ந்து தையில் தளம் போடலாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆனால் "தளம் எப்போது?" என்று கேட்டால் 60 நாளுக்கு முன்னால் எந்தக் கொத்தனாரும் தேதி சொல்லமாட்டார். அதனால் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டு, வேலையை அந்தத் தேதிக்கு இழுத்துப் பிடிக்க முயற்சி செய்தேன். பாதி தடவை பலித்தது. மீதிக்குத் தட்கல். ஏசிக்குக் காலை 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி. அதுவும் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் பஸ்.

வியாழன் இரவு ஏன் என்றால், வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிச் சனி காலை போய் இறங்கினால், சனிக்கிழமை சம்பள நாள். மத்தியானத்துக்கு மேல் எல்லோருக்கும் கணக்கில்தான் கண். ஞாயிறு ஆளே வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் வெள்ளி சோதனை, சனி கான்கிரீட், ஞாயிறு சாயங்காலம் ரயில், திங்கள் காலை தாம்பரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். களைப்பாகத்தான் இருக்கும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருடம் வீட்டை ஆரம்பிக்காதீர்கள். எங்கள் பெரியவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள், தப்பித்தோம்.

இருந்தே ஆகவேண்டிய நாட்கள்

நூல் பிடித்து அளவு போடும் நாள் முதல் பயணம். மூலைமட்டம் சரியா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே டேப் பிடித்தால் சரியாக 10 அடி இருக்க வேண்டும். எல்லா மூலையிலும் பிடியுங்கள். இங்கே கோணினால் கடைசியில் டைல்ஸ் போடும்போதுதான் தெரியும்.

அடுத்தது அஸ்திவாரக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். கரிசலில் கெட்டி மண் வரும்வரை தோண்டியிருக்கிறார்களா என்பதை இன்ஜினியர் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். மேலே நின்று தலையாட்டுவது போதாது. கம்பி மண்ணைத் தொடாமல் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை) மேல் நிற்க வேண்டும்.

பேஸ்மெண்ட் நிரப்பும் நாளைப் பற்றி மேலேயே புலம்பிவிட்டேன். அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். கரையான் மருந்து அடிப்பதும் அப்போதுதான்.

வாசக்கால் வைக்கும் நாள் எங்களுக்கு வேலைக்காக இல்லை, மனசுக்காக. பழைய வீட்டின் வேப்பமர நிலையை ஆசாரி இழைத்துப் பார்த்தார், உள்ளே கொஞ்சம்கூட உளுக்கவில்லை. மாமாவின் அப்பா காலத்து மரம். அதையே தலைவாசலுக்கு வைத்தோம். உங்கள் பழைய வீட்டை இடிக்கும்போது ஓடு, உத்திரம், கதவு எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தளத்துக்கு முந்தின நாள்

எல்லாப் பயணத்திலும் இதை மட்டும் விடவே கூடாது. கணவரும் லீவு போட்டு வந்தது இதற்கு ஒன்றுக்குத்தான். காலையில் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் தற்காலிகத் தகடுகள்) மேல் ஏறி, கையில் வரைபடத்தோடு ஒவ்வொரு அறையாகப் போனோம்.

முட்டுக் கம்பு ஒவ்வொன்றும் பலகை மேல் நிற்கிறதா என்று முதலில் கீழே பாருங்கள். செங்கலை அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தகடுகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் சிமெண்ட் பால் ஒழுகிவிடும், அடைக்க வேண்டும். மேலே, தளக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர், பீம் கம்பிக்கு 25 மில்லிமீட்டர் கவர் பிளாக். இது இல்லாமல் கம்பி தகட்டின்மேல் படுத்திருந்தால், சில வருடத்தில் துருப்பிடித்துக் கூரை பொரிப்பொரியாக உதிரும். பழைய வீடுகளில் கம்பி தெரியத் தொங்கும் சன்ஷேடைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இதுதான் காரணம்.

சுவர், பீம் பக்கங்களில் மேல்நோக்கி வளைத்துக் கட்டிய கம்பிகள் இருக்கும். வேலையாட்கள் அதன்மேல் நடந்து நடந்து மிதித்துத் தாழ்த்திவிடுவார்கள். நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். மறுநாள் சட்டி கைமாறும்போதும் அந்தப் பலகை இருக்கட்டும்.

பிறகு எலக்ட்ரிக்கல் பைப். ஃபேன் பெட்டியும் லைட் புள்ளியும் வரைபடத்தில் எத்தனையோ அத்தனை இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிள்ளைகளை எண்ணவிட்டேன். சின்னவன் ஒன்று குறைகிறது என்றான். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்க கவலப்படாதீய, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். திரும்ப எண்ணினால் சமையலறை ஃபேன் பெட்டியையே காணோம். அத்தையின் ஊஞ்சல் கொக்கியும் இல்லை. கான்கிரீட் போட்ட பிறகு நினைவு வந்திருந்தால் தளத்தைத் துளைத்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் பட்டறையில் இரண்டு கொக்கி அடித்து வாங்கிவந்து, அடிக்கம்பியோடு கட்டி வைத்தோம்.

கான்கிரீட் அன்று ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், தண்ணீர். 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை ஓடினால் வேலை சுலபம் என்று மெஷின்காரர் வாளியைச் சாய்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு மாமாவை உட்காரவைத்தோம். அவர் ஒன்றுமே பேசவில்லை, வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள், கம்பிக்கு உப்பு ஆகாது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். இதற்கு ஏன் வழிகாட்டி என்று தோன்றும். எங்களுக்கு அன்று டீசல் இல்லை.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், 14 நாள். முட்டுக் கம்புகளை எப்போது பிரிப்பது என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். எங்களுக்கு 21 நாள் என்றார்.

போனில் பார்க்கக் கூடியவை

செங்கல் சுவர், சாமான் வரத்து, தண்ணீர் விடுவது எல்லாம் போனில். ஆனால் "வேலை நடக்குதா?" என்று கேட்டால் "நடக்குது" என்றுதான் பதில் வரும். டேப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். செங்கல் வந்தால் இரண்டைத் தட்டச் சொல்லி ஓசையைக் கேளுங்கள், கணீரென்று இருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் திருப்பிவிடுங்கள்.

கம்பிக்கு ஒரு எளிய கணக்கு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் முழுக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ வர வேண்டும். ஒன்றைத் தராசில் போட்டு வீடியோ அனுப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த கம்பியில் குறை இருக்கவில்லை.

தண்ணீர் விடுவதை மட்டும் காண்ட்ராக்டரை நம்பி விடாதீர்கள். எங்களுக்கு மாமா. காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஹோஸோடு நின்று ஒரு போட்டோ போடுவார். போட்டோ வராத அன்று பேரன் போன் செய்து விசாரிப்பான்.

பூச்சுக்கு முன்னால், டைல்ஸுக்கு முன்னால்

சுவரில் வெட்டிப் பைப் பதித்து, பூசுவதற்கு முன்னால் ஒரு பயணம். ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்தபடி படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று அளவு படத்தில் தெரிய வேண்டும். சுவர்மேல் சாக்பீஸால் "சமையலறை கிழக்கு" என்று எழுதிவிட்டு எடுத்தால் பிறகு குழப்பம் வராது. எங்களிடம் 64 படம் இருக்கிறது. தண்ணீர்ப் பைப்பில் அழுத்தம் கொடுத்து ஒழுகலைச் சோதிப்பதும் இப்போதுதான்.

குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும், தண்ணீர் போகும் ஓட்டையைத் துணிப்பந்தால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 48 மணி நேரம் விடுங்கள். வெளிச்சுவரில் ஈரம் தெரிந்தால் திரும்பப் பூசச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை, உடைக்கத்தான் வேண்டும்.

டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணா என்று பாருங்கள், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சியதைப் பரணில் போட்டு வையுங்கள். நிறம், கதவுக் கைப்பிடி, லைட் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

குடிபோவது

வைகாசியில் முடியும் என்றார்கள், ஆவணியில் முடிந்தது. சுவர் நன்றாகக் காயும் முன் புட்டி வைக்க அவசரப்படாதீர்கள், பொக்குவிடும். பால் காய்ச்சும் தேதி அச்சடித்துவிட்டோமே என்று ஈரச்சுவரில் பெயிண்ட் அடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள், கட்டணம் அதில் அதிகம். வீட்டு வரி போட ஊராட்சியில் எழுதிக் கொடுப்பதும் அந்த வாரமே முடியட்டும். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்துவிட்டுத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். ஐப்பசியில் படிக்கட்டுக் கூரையில் ஒரு கசிவு வந்தது, மேஸ்திரி மறுநாளே வந்து அடைத்துக் கொடுத்தார்.

போன மாதம் அத்தை போன் செய்தார். கூடத்தில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமாம். "கூடம் வடக்கு" படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்ன இடத்துக்கு நேர் பின்னால் ஒயர் பைப் இறங்கியது.

"அரையடி இடது பக்கம் தள்ளி அடிங்க அத்தை."

சுத்தியல் சத்தம் போனிலேயே கேட்டது.